நாலு மூலையுள்ள வட்ட வீடு

படிவத்தின் ஏழாவது கட்டத்தில் 'அடித்தளத்தின் ஆழம்' என்று இருந்தது. பக்மா 'இல்லை' என்று எழுதினாள். எட்டாவது கட்டம், 'சுவர் எழுப்பிய பொருள்'. 'ஆட்டு ரோமம்' என்று எழுதினாள். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 'மூலைகளின் எண்ணிக்கை' என்று இருந்தது.

இந்தப் படிவத்தைத் தயாரித்தவன் எங்கே பிறந்திருப்பான் என்று யோசித்தாள். சந்தேகமே இல்லை, ஒரு கெர்ருக்குள்தான் பிறந்திருப்பான். வட்டமான கம்பளி வீட்டில், நடுவில் அடுப்பு எரிய, மேலே கூரை நடுவில் புகை வெளியேறுகிற வளையத்தைப் பார்த்துக்கொண்டு அழுதிருப்பான். தலைநகரத்து அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் அப்படிப் பிறந்தவர்கள்தான். சுழலுகிற நாற்காலி கிடைத்ததும் முதலில் மறந்துபோவது வட்டம்தான் போலிருக்கிறது.

அறுபத்து மூன்று வயதில் பக்மாவுக்கு மனிதர்களைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் மிச்சமில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் செவிலி உதவியாளராக இருந்தவள். பெரிய அதிகாரியின் மாமனாரையும் கழுவியிருக்கிறாள், ஒட்டகம் மேய்த்தவனையும் கழுவியிருக்கிறாள். குளிர்ந்த துணி முதுகில் படும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் முகத்தைச் சுளிப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோது அவளுக்கு ஒரு பதக்கம் குத்தினார்கள். மறுநாளே அதன் ஊசி உடைந்துவிட்டது. அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நகரத்தின் வடக்குக் குன்றுகளில், பலகை வேலி போட்ட ஒரு மனைக்குள் அவளுடைய கெர் இருந்தது. அதற்குள் ஒரு கட்டிலில் சோய்ஜில் படுத்திருந்தான்.

சோய்ஜில் அவளுடைய பழைய கணவன். லாரி ஓட்டியவன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், நகரத்தின் தெற்கில் செங்கல் வீடு வைத்திருந்த ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்துகொண்டான். போகும்போது நல்ல இரும்பு வாணலியையும் தூக்கிக்கொண்டு போனான். அவன் போனதைப் பற்றி பக்மா யாரிடமும் பேசியதில்லை. வாணலியைப் பற்றி மட்டும் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு வந்தாலும் நின்றுபோகவில்லை. அதுதான் அவளுக்கு வருத்தம். மூன்றாவது வாரம் செங்கல் வீட்டுக்காரி அவனை ஒரு வாடகைக் காரில் ஏற்றி, ஒரு துணிப்பையோடு பக்மாவின் வேலிக்கதவுக்கு அனுப்பிவிட்டாள். பக்மா முதலில் பையைத் திறந்து பார்த்தாள். வாணலி இல்லை.

ஏன் அவனை உள்ளே சேர்த்தாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அன்பு, மன்னிப்பு என்று ஏதாவது பதில் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி உறைகுளிர். கார்க்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். ஒரு மனிதனின் அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்க அரை நிமிஷம் போதும். தூக்கிய பிறகு மிச்சமெல்லாம் வேலை, அந்த வேலை அவளுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துணி. வாயை ஓரமாகத் துடைக்க வேண்டும். பதினாறு மாதத்தில் அவன் உடம்பில் ஒரு படுக்கைப்புண் கூட வந்ததில்லை. ஊசி உடையாத பதக்கம் அது ஒன்றுதான்.

மார்ச் மாதம் அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கப்படும் நோயாளிகள் 'அனுமதி பெற்ற நிரந்தரக் குடியிருப்பில்' இருக்க வேண்டும். மே மாதம் முடிவதற்குள் கட்டட அனுமதி காட்டாவிட்டால் நோயாளி பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றப்படுவார். எந்த இல்லம் என்றும் போட்டிருந்தது. அவள் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த அதே இல்லம்.

கடிதத்தை அவள் சோய்ஜிலுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"அங்க நல்லா இருக்குமா?" என்று கேட்டான்.

"மூணாவது வார்டுல போடுவாங்க. நாப்பது கட்டில். ராத்திரிக்கு ஒருத்தி. அவ எல்லாரையும் புரட்டி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்."

"உனக்கு அது தெரியுமா?"

"யோவ், அந்த ஒருத்தி நான்தான்யா."

 "அப்ப எனக்கு இங்கயே வசதியா இருக்கு," என்றான், ஏதோ அவள் அவனைக் கெஞ்சியது போல.

அப்படித்தான் அவள் அந்தப் படிவத்தோடு நில அலுவலகத்தின் ஆறாவது ஜன்னலுக்குப் போய் நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் எங்கூன் என்கிற சின்னப் பெண், நீளமான நகங்களோடு.

"அம்மா, ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கு."

"என் வீட்டுலயும் அது காலிதான்."

"மூலை எத்தனைன்னு போடணும்மா."

"வட்டமான வீட்டுக்கு மூலை எங்க இருக்கும்?"

"பூஜ்யம்னு போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அப்ப கம்ப்யூட்டரை ஒருதரம் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. டீ போட்டுத் தரேன், உக்காந்து எண்ணிப் பாக்கட்டும்."

எங்கூன் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் ஒரு கட்டம் இருந்தால் சிரித்திருப்பாளோ என்னவோ. "உங்க கெர்ருக்கு எத்தனை சுவர்?" என்று கேட்டாள்.

"நாலு."

கெர்ரை அப்படித்தான் கணக்கிடுவார்கள். மடக்கி விரிக்கிற மரச்சட்டங்கள் எத்தனை சேர்த்துக் கட்டுகிறோமோ அத்தனை சுவர். நாலு சுவர் என்றால் சின்ன வீடு, ஏழைகளின் வீடு. ஆனாலும் வட்டம்தான்.

"நாலு சுவர்னா நாலு மூலைதானே," என்று எங்கூன் தட்டிவிட்டாள்.

"நீ எங்க பொறந்தவ?"

"மேற்க. மலைப்பக்கம்."

"கெர்ருலயா?"

"ஆமா."

"அதுல எந்த மூலையில உன் தொட்டில் இருந்துச்சு?"

நகங்கள் ஒரு கணம் நின்றன. "அம்மா, எனக்கு உங்களோட வாதாட நேரமில்ல. பின்னால பதினோரு பேர் நிக்கிறாங்க. ஏழாவது கட்டம் பாருங்க. அடித்தளம் இல்லன்னா அது கட்டடமே இல்ல. கட்டடம் இல்லாததுக்கு எப்படிக் கட்டட அனுமதி தர்றது?"

"என் வீடு தரையிலதான் இருக்கு. வானத்துல தொங்கல."

"நகர்த்த முடியாதபடி இருக்கணும். கான்கிரீட் தளம் போடணும். ஒரு முழம் ஆழம். சுத்தி நாலா பக்கமும் அரை மீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும்."

"நாலா பக்கமும். சரி. அரை மீட்டர் எதுக்கு வெளிய நீட்டணும்?"

"விதி."

"கூரையில இருந்து வழியற தண்ணி அந்த அரை மீட்டர்ல விழும். மண்ணுன்னா குடிச்சிரும். கான்கிரீட்னா எங்க போகும்? சுவருக்கு அடியில புகுந்து உள்ள வரும்."

எங்கூன் படிவத்தின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். "தண்ணிக்குக் கட்டம் இல்லம்மா," என்றாள்.

ஏப்ரல் கடைசியில் தரை இளகியதும் பக்கத்து மனை லொதோய் வந்தான். புகைக்குழாய் வளைத்துத் தருவது அவன் தொழில். கான்கிரீட்டும் தெரியும் என்று சொல்லிக்கொள்வான். குழி தோண்டி, கல் பரப்பி, கலவையைக் கொட்டி மட்டம் பார்த்தான். மட்டம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "உள்பக்கமா, அக்கா," என்று தலையைச் சொறிந்தான்.

"தண்ணி உள்ள வரதுக்கு விதி மட்டும் போதாதுன்னு நீயும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணியிருக்கே."

"ஒரு விரல் அளவுதான் அக்கா."

"புண்ணும் ஒரு விரல் அளவுலதான் ஆரம்பிக்கும்."

தளம் காய்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, சோய்ஜிலைக் கட்டிலோடு முற்றத்துக்குத் தூக்கி வந்து போர்த்திவிட்டு வீட்டைப் பிரித்தார்கள். கயிறு, கம்பளி, கூரைக் கழிகள், சுவர்ச் சட்டங்கள் என்று எல்லாம் இறங்கி எல்லாம் தளத்தின்மேல் மறுபடி ஏறின. ஒன்றரை மணி நேர வேலை. சோய்ஜில் வெயிலில் படுத்துக்கொண்டு ஆணைகள் போட்டான். யாரும் காதில் வாங்கவில்லை. கதவு வழக்கம்போல் தெற்கே பார்த்து நின்றது.

மே மாத ஆரம்பத்தில் முதல் ஆய்வுக்குத் தாம்தின் வந்தான். நாற்பது வயது, நல்ல தோல் சப்பாத்து, கழுத்தில் அடையாள அட்டை. வேலிக்கதவில் நிற்கும்போது முழு அதிகாரியாக இருந்தான். வாசலைத் தாண்டும்போது பாதி கரைந்துவிட்டான். நிலைப்படியை மிதிக்காமல் வலது காலை முதலில் வைத்து, தானாகவே இடப்பக்கமாகப் போய் விருந்தாளி இடத்தில் உட்கார்ந்தான். உப்பு போட்ட பால் தேநீரைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கின பிறகு ஒருவனால் எப்படி அதட்ட முடியும்? பக்மா அதனால்தான் முதலில் தேநீரைக் கொடுத்தாள்.

அளவெடுக்க எழுந்தபோதுதான் வேடிக்கை. வீட்டின் குறுக்களவைப் பார்க்க வேண்டும். நடுவில் அடுப்பு, அதன் இரண்டு பக்கமும் கூரையைத் தாங்குகிற தூண்கள். தூண்களுக்கு நடுவே எதையும் நீட்டக் கூடாது, கொடுக்கக் கூடாது என்று எந்தப் பிள்ளைக்கும் நடை பழகும்போதே சொல்லி வைப்பார்கள். தாம்தினும் பிள்ளையாக இருந்தவன்தானே. அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு தூண்களைப் பார்த்தான், பக்மாவைப் பார்த்தான், பிறகு நாடாவை அடுப்பையும் தூண்களையும் வெளியே சுற்றி வளைத்துக் கொண்டுபோய் எதிர்ச் சுவரில் வைத்தான். கண்ட அளவை எழுதிக்கொண்டான்.

அந்தக் கணக்குப்படி பக்மாவின் வீடு, அதைத் தாங்கிய தளத்தை விடப் பெரியது. அதற்கு நாலு மூலையும் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. பொய்யான வீட்டுக்கு உண்மையான அனுமதி கிடைத்தால் அவளுக்கு என்ன நஷ்டம்?

"மாசக் கடைசியில ரெண்டாவது ஆய்வு இருக்கு அக்கா," என்றான் தாம்தின். "இதே இடத்துல, இதே மாதிரி இருக்கணும். போட்டோவோட ஒத்துப்போச்சுன்னா அன்னிக்கே கையெழுத்து."

"வீடு எங்க போகப்போகுது," என்றாள் பக்மா.

இந்த வார்த்தையை அவள்தான் சொன்னாள். வேறு யாரும் சொல்லவில்லை.

மே பதினாலாம் தேதி ஈரப் பனி கொட்டியது. அந்த ஊரில் அது புதிதல்ல. இரண்டு நாள் கிடந்து மூன்றாம் நாள் உருகியது. கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் அரை மீட்டர் கான்கிரீட்டில் விழுந்து, லொதோயின் ஒரு விரல் சாய்வைப் பிடித்துக்கொண்டு, சுவருக்கு அடியில் நுழைந்து தரைப்பலகைக்குக் கீழே குளமாக நின்றது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஈரம் போகவில்லை. நாலாம் நாள் மெத்தையின் அடிப்பக்கம் குளிர்ந்து கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவனைப் புரட்டியபோது இடது இடுப்பெலும்பின் மேல் சிவப்பாக ஒரு வட்டம். பக்மா விரலால் அழுத்தி எடுத்தாள். சிவப்பு வெளுக்கவில்லை.

அவளுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வசந்தத்தில் பழைய இடம் ஈரமாகிவிட்டால் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தாள். வீட்டைப் பிரித்து, மனைக்குள்ளேயே எட்டு எட்டு நடக்கிற தூரம் தள்ளி, சரளைக்கல் தரையில், மண் காய்ந்திருந்த இடத்தில் கட்டினாள். அந்தக் குன்றில் அந்த வாரம் முப்பது வீடாவது அப்படி இடம் மாறியிருக்கும். யாரும் அதற்குப் பெயர் கூட வைப்பதில்லை. பாயைத் தட்டிப் போடுகிற மாதிரி ஒரு காரியம் அது. லொதோயும் அவன் மைத்துனனும் வந்து கைகொடுத்தார்கள். அவர்களுக்கும் எதுவும் தோன்றவில்லை. காலியான கான்கிரீட் வட்டத்தில் பக்மா போர்வைகளை உலர்த்தினாள், பலகையில் தயிர்க்கட்டிகளைப் பரப்பிக் காய வைத்தாள். நல்ல வெயில். நாலு நாளில் இடுப்பில் சிவப்பு மறைந்தது.

மே இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குத் தாம்தின் வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்தான். கையில் முதல் ஆய்வின் போட்டோ. போட்டோவைப் பார்த்தான், கான்கிரீட் தளத்தைப் பார்த்தான். அதன்மேல் நாலு போர்வையும் தயிர்க்கட்டியும் இருந்தன.

"அக்கா, வீடு எங்க?"

பக்மா வாளியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் மறந்ததைத் துடைத்துச் சுத்தம் செய்தவள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த சின்னப் பெண்ணை முட்டாள் என்று மனசுக்குள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்? இப்போது எல்லாவற்றிலும் பெரிய முட்டாள் வாளியோடு நின்றாள்.

"இதோ இருக்கு," என்றாள்.

"இது வேற இடம்."

"எட்டு எட்டு."

"காகிதத்துல அங்க இருக்கு. நகர்த்த முடியாததுன்னு நானே எழுதியிருக்கேன். பாருங்க, என் கையெழுத்து." அவன் குரலில் கோபத்தை விடக் கலக்கம்தான் அதிகம் இருந்தது. "நான் என்ன எழுதறது? 'நகர்த்த முடியாத கட்டடம் நகர்ந்துவிட்டது'ன்னா?"

"நடந்ததை எழுது."

"எழுதினா மனு தள்ளுபடி. அடுத்த ஆய்வுக்கு ஆகஸ்ட்லதான் தேதி. அதுக்குள்ள…" அவன் முடிக்கவில்லை. உள்ளேயிருந்து சோய்ஜிலின் கோணல் குரல் வந்தது.

"பக்மா! யாரு அது? அந்தச் செங்கல் வீட்டுக்காரியா?"

"இல்லய்யா. உன்னை மூணாவது வார்டுக்கு அனுப்பறவர் வந்திருக்காரு."

"டீ குடு," என்றான் சோய்ஜில்.

"இன்னிக்கு டீ வேணாம்," என்றான் தாம்தின் அவசரமாக. போன முறை தேநீர் தனக்கு என்ன செய்தது என்று அவனுக்கும் புரிந்திருந்தது.

"டீ இல்ல. உள்ள வா. ஒண்ணு பாத்துட்டுப் போ."

நிலைப்படியைத் தாண்டி அவன் வந்தான். பக்மா சோய்ஜிலைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்து, ஒரே அசைவில் சுவர்ப்பக்கமாகப் புரட்டினாள். சட்டையை மேலே தூக்கினாள்.

"ஏய், ஏய், வெளியாள் இருக்காங்க," என்றான் சோய்ஜில்.

"உன் அழகைப் பாக்க வரல, சும்மா கிட." அவள் இடுப்பெலும்பின் மேல் விரலை வைத்தாள். "தம்பி, இங்க பாரு. உங்க கான்கிரீட்டு மேல மூணு நாள் ஈரத்துல படுத்திருந்தான். இங்க சிவந்துது. நான் பாக்காம இருந்தா ஒரு வாரத்துல தோல் போகும், ரெண்டாவது வாரம் சதை போகும், அதுக்கப்பறம் எலும்பு தெரியும். நான் பாத்திருக்கேன். முஷ்டி நுழையற அளவுக்குப் பாத்திருக்கேன், அதே வார்டுல. சரளைக்கு நகர்த்தினேன். நாலு நாள்ல போச்சு. இப்ப நீ பாக்கற தோல் முழுத் தோல். இதை எந்தக் கட்டத்துல எழுதுவே?"

தாம்தின் அந்த இடத்தைப் பார்த்தான். வயதானவனின் வெளிறிய இடுப்பு. அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அதுதான் விஷயம்.

"இதுக்குக் கட்டம் இல்ல அக்கா," என்றான்.

"தெரியும். தண்ணிக்கும் இல்லன்னு சொன்னாங்க."

அவன் வெளியே போனான். போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் தளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த எட்டு எட்டையும் நடந்து பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "என் ஆய்வு பன்னெண்டு மணிக்குத்தான் முடியும்," என்றான், யாரையும் பார்க்காமல். "அது முடியற நேரத்துல எது எங்க நிக்குதோ அதைத்தான் போட்டோ எடுப்பேன். பிரிச்சுக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆளு இருந்தா ஒன்றரை மணி நேரம். லொதோயோட மைத்துனன் இன்னிக்கு இல்ல. ரெண்டு பேர்னா சாயங்காலம் ஆயிடும்."

"பிரிக்காம?"

பக்மா அவனை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீ நிஜமாவே கெர்ருலதான் பொறந்தியா?"

"எங்க அப்பா ஆறு சுவர் வீட்டையே அப்படித் தூக்கியிருக்காரு," என்றான் தாம்தின். அந்த ஒரு வாக்கியத்தில் அவனுக்கு வயது குறைந்துவிட்டது.

லொதோய் வேலிமேல் ஏறி நின்று குரல் கொடுத்தான். குன்றில் செய்தி பரவுவதற்குக் குழாயும் கம்பியும் தேவையில்லை. கால் மணி நேரத்தில் அவனோடு சேர்த்துப் பதினோரு பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் வாயில் இன்னும் கறிக்கொழுக்கட்டை இருந்தது. அடுப்பு, பெட்டிகள், தரைப்பலகை எல்லாம் வெளியே வந்தன. சோய்ஜிலைக் கட்டிலோடு தூக்கி வந்து தளத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சுவரைச் சுற்றி வட்டமாக நின்று, சட்டத்தின் அடியைப் பிடித்தார்கள். பதினொன்று போதவில்லை. வடக்குப்பக்கம் ஒரு ஆள் இடைவெளி இருந்தது.

எல்லோரும் தாம்தினைப் பார்த்தார்கள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு அடையாள அட்டையைக் கழற்றிச் சோய்ஜிலின் மார்பின் மேல் வைத்துவிட்டுப் போய் இடைவெளியில் குனிந்தான்.

"இப்ப அதிகாரி நான்தான்!" என்றான் சோய்ஜில், அட்டையை இடது கையால் தூக்கிக்கொண்டு. "தூக்குங்கடா!"

வீடு எழுந்தது. பன்னிரண்டு பேரின் இருபத்துநாலு கால்களோடு, புகைக்குழாய் இல்லாத தலையோடு, ஒரு பெரிய வெள்ளைப் பூச்சி மாதிரி நகர்ந்தது.

"இடது! இடது ஒடி! லொதோய், உன் இடது எதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? மெதுவா… ரிவர்ஸ் வேணாம்! முன்னால ரெண்டு எட்டு… பிரேக்!"

பதினாறு மாதத்தில் அவன் சொன்னதை மற்றவர்கள் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். தளத்துக்கு நடுவே சரியாக இறங்கியது வீடு. தயிர்க்கட்டிகளில் பாதி நசுங்கின. போர்வைகளைப் பக்மா முன்னமே எடுத்துவிட்டாள்.

தாம்தின் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தான். முகமெல்லாம் வியர்வை. அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டதும் திரும்ப அதிகாரி ஆகிவிட்டான். நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தான். வட்டமான வீட்டுக்கு நாலு பக்கம் எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே தரையும் இல்லை, அடுப்பும் இல்லை, கட்டிலும் இல்லை. படிவம் உள்ளே போட்டோ கேட்கவில்லை போலும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். முத்திரை குத்தினான். "நகர்த்த முடியாத நிரந்தரக் குடியிருப்பு. அனுமதி வழங்கப்பட்டது," என்று ஒருமுறை படித்தும் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அவன் மனம் மாறிவிடலாம்.

"இனிமே இதை நகர்த்தக் கூடாது அக்கா. நகர்த்தினா அனுமதி ரத்து," என்றான்.

"ஆமா ஆமா."

"நான் மறுபடி இந்தப் பக்கம் வர ரெண்டு வருஷம் ஆகும்."

"நல்லது."

"இப்ப ஒரு டீ குடுக்கறதுன்னா குடுங்க."

"அடுப்பு வெளிய கெடக்கு. எதுல போடறது?" என்றாள் பக்மா. ஆனாலும் காலையில் போட்டு வெந்நீர்க் குடுவையில் வைத்திருந்ததை ஊற்றிக் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

அவனுடைய கார் குன்றிறங்கித் திரும்பும் வரை பதினோரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பியதும் லொதோய் கேட்டான். "அக்கா, ஆளுங்க கலையறதுக்கு முன்னாடியே…?"

"பின்ன? ஈரக் கான்கிரீட்டு மேல படுக்க வைக்கவா இவ்வளவும்? வடக்குப்பக்கம் நான் பிடிக்கிறேன். தூக்குங்க."

வீடு எட்டு எட்டு திரும்பி நடந்து சரளையில் உட்கார்ந்தது. அடுப்பு உள்ளே போனது, பலகை போனது, கட்டில் போனது. நசுங்காத தயிர்க்கட்டிகளை வந்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். அனுமதிக் காகிதத்தை நெகிழி உறையில் போட்டு மரப்பெட்டிக்குள் வைத்தாள், உடைந்த பதக்கத்துக்குப் பக்கத்தில்.

"அப்ப நான் இப்ப சட்டப்படியான வீட்டுல இருக்கேனா?" என்று கேட்டான் சோய்ஜில்.

"சட்டப்படியான வீடு அதோ, அங்க எட்டு எட்டு தள்ளி இருக்கு. நாலு மூலை, தளத்தை விடப் பெருசு. நீ இதுல இருக்கே."

"அந்த வீட்டுல வாணலி இருக்குமா?"

 பக்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியாக அவனைப் புரட்டியது பத்தே காலுக்கு, தாம்தினுக்கு இடுப்பைக் காட்ட. இப்போது மணி பன்னிரண்டரை. கால் மணி நேரம் தாமதம்.

"திரும்பு," என்று சொல்லி அவன் தோளுக்கு அடியில் கை கொடுத்தாள்.